மண்டியிடச் சொன்னார்கள்

எங்கள் ஊர் முடிவெட்டும் கடையில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வெளியூர்க்காரன் எவனாவது வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், அவன் கழுத்தில் துணியைக் கட்டி முடிப்பதற்குள் யாராவது ஒருவர் கைபேசியை அவன் மூக்குக்கு முன்னால் நீட்டிவிடுவார். அதில் ஓடுவது எப்போதும் ஒரே காட்சிதான். எங்கள் ஊர் செல்லர்ஸ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை வாங்கி எறிகிற குவாட்டர்பேக் டரியன் பெட்வே, முதலாம் ஆண்டில், கில்லியட் கல்லூரிக்கு எதிராக ஓடிய ஓட்டம்.

பொய் சொல்லக் கூடாது, பார்க்க வேண்டிய ஓட்டம்தான். பந்து கைக்கு வந்ததும் எறிவதற்காகப் பின்னால் நகர்கிறான். அவனுக்கு முன்னால் மதிலாக நிற்க வேண்டிய ஆட்கள் பொலபொலவென்று சரிகிறார்கள். வலப்பக்கம் ஓடுகிறான், அங்கே மூன்று பேர் காத்திருக்கிறார்கள். நின்ற நிலையில் சுழன்று இடப்பக்கம் திரும்புகிறான். கில்லியட் அணியின் பிரெண்டிஸ் கேஜ், கதவு அகலத்துக்கு இருப்பவன், பாய்ந்து இடுப்பைப் பிடிக்கிறான். பிடித்தது இடுப்பை அல்ல, புல்லை. அதற்கப்புறம் எல்லைக்கோடு வரைக்கும் டரியனுக்கும் காற்றுக்கும்தான் போட்டி. யார் கையிலும் அகப்படாமல் வழுக்கிக்கொண்டு போனான் என்று அன்றைக்கே அவனுக்கு ‘கிரீஸ்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பாதிரியார்கூட அந்தப் பேரைத்தான் சொன்னார்.

காட்சி முடிந்ததும் கடையில் ஒரு பெருமூச்சு வரும் பாருங்கள், அதுதான் டரியனுக்கு ஆகாது. என்ன கால் அந்தப் பையனுக்கு, கடவுள் கொடுத்தார், கடவுளே எடுத்துக்கொண்டார், பாவம் என்பார்கள். இதைச் சொல்லும்போது அந்தப் பையன் பக்கத்து நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பான். உயிரோடு இருப்பவனை எதிரில் வைத்துக்கொண்டே கருமாதி நடத்துகிற கூட்டம். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், நான் இங்கேதான் இருக்கிறேன் அண்ணே என்று சொல்லிப் பார்த்தான். முடிவெட்டுகிறவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்து, தெரியும் தம்பி, அதனால்தான் பாவம் என்கிறேன் என்றார். பாவமாம் பாவம், கொண்டுபோய் உடைப்பில் போடு.

நடந்தது இதுதான். இரண்டாம் ஆண்டு, மழை பெய்து ஓய்ந்த ஒரு சனிக்கிழமை. வழக்கம்போல ஓடி, வழக்கம்போலத் திரும்பினான். உடம்பு திரும்பியது, இடது பாதம் திரும்பவில்லை. முழங்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் அவனுக்கே கேட்டது. அந்த நேரத்தில் எதிரி எவனும் அவனைத் தொடவில்லை. அறுத்துத் தைத்து, ஒரு வருடம் படுத்து எழுந்து, திரும்பி வந்தான். பயிற்சியில் அதே மாதிரி ஒரு சுழற்சி, அதே முழங்கால், மறுபடியும் அறுந்தது. அப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவரும் இல்லை. அது ஆறும்போதே கணுக்கால் ஒன்று போனது. அதை விடுங்கள், பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவன் அம்மா எர்னஸ்டீன் கெளுத்தி மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டுகிறவள். நாள் முழுக்க ஈரத்தரையில் நின்றுவிட்டு வந்து, வளர்ந்த மகனை இடுப்பில் தாங்கிக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். அவன் வலியில் கத்தும்போதெல்லாம் அவளும் சேர்ந்து கத்துவாள், சில நாள் அவனை விடச் சத்தமாக.

படுத்துக் கிடந்த நாட்களில்தான் டரியன் தன் பழைய ஆட்டங்களை முழுசாகப் போட்டுப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவனுக்கு வெட்கமாகிவிட்டது. கால் இருந்த காலத்தில் அவன் களத்தையே பார்த்ததில்லை. எதிரி நெருங்கினால் ஓடுவான், தோழன் தனியாக நின்று கைகாட்டினாலும் ஓடுவான். வீட்டில் கார் இருப்பவனுக்கு ஊரின் குறுக்குச் சந்து தெரியாது என்பார்களே, அந்தக் கதை. கார் போன பிறகு சந்து சந்தாக நடந்து கற்றுக்கொண்டான். எவன் எங்கே திரும்புவான், எந்த இடம் எப்போது காலியாகும், பந்து அங்கே எப்போது போய்ச் சேர வேண்டும் என்பதெல்லாம் இரண்டு வருடத்தில் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது.

அதைக் காட்டத்தான் இடமில்லை. புதிதாக வந்த கோச் விட்லோவுக்கு ஓடுகிற குவாட்டர்பேக் வேண்டும். கீனன் என்று ஒரு பையனைக் கொண்டுவந்தார். நல்ல பையன், முயல் மாதிரி ஓடுவான். டரியனுக்குக் கிடைத்தது சிவப்புச் சட்டை. ஒவ்வொரு வாரமும் வரப்போகிற எதிரணியின் குவாட்டர்பேக் மாதிரி அவன் வேஷம் கட்டி எறிய வேண்டும், நம் அணியின் தடுப்பாட்டக்காரர்கள் அவனை வைத்துப் பழகிக்கொள்வார்கள். சிவப்புச் சட்டை போட்டவனைத் தொடக்கூடாது என்பது பயிற்சியின் சட்டம். தொடாத அந்த ஆட்டத்தில் அவன் நம் ஆட்களைக் கிழித்து நார் நாராகத் தொங்கவிட்டான். நிஜ எதிரியை விட நன்றாக எறிந்து தொலைக்கிறாயே, உன்னை வைத்துப் பழகி எங்களுக்கு என்ன பிரயோசனம் என்று அவர்களே அலுத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் கோச்சின் காதுக்கும் போனது. அவர் கெட்டவர் இல்லை, பிடித்ததை விடாதவர், அவ்வளவுதான். “யாரும் தொடாதப்ப யார் வேணும்னாலும் எறியலாம்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்த வரி டரியனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஏனென்றால் அவனுக்கே அதற்குப் பதில் தெரியாது. கால் போனதிலிருந்து எவனும் அவனை நிஜமாக இடித்ததில்லை. ஒரு மலை தன்மேல் ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டே நின்று எறிய முடியுமா, இல்லை, கடைசி நொடியில் பழைய புத்தி வந்து ஓடப் பார்ப்பானா? ஐந்தாவது வருடமும் முடியப் போகிறது. இன்னும் ஒரே ஒரு உள்ளூர் ஆட்டம்தான் பாக்கி, அதுவும் கில்லியட்டோடு. அதற்குள் தெரியாவிட்டால் ஆயுசுக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை கோச் அவனைக் கூப்பிட்டு, முதல் பந்து உனக்குத்தான் என்றார். டரியனுக்கு ஒரு கணம் காது அடைத்துக்கொண்டது. அடுத்த வாக்கியத்தில் எல்லாம் புஸ்ஸென்று இறங்கியது.

“வாங்கின உடனே மண்டி போட்டுடு. கில்லியட் கோச்சுகிட்ட பேசிட்டேன், ஒருத்தனும் உன் கிட்ட வரமாட்டான். பேண்டு ஜெபப் பாட்டு வாசிக்கும். ஊரே எழுந்து நிக்கும். அப்புறம் நீ வெளிய வந்துடு, கீனன் உள்ள போவான்.”

எங்கள் ஆட்டத்தில் பந்தை வைத்திருக்கும் குவாட்டர்பேக் முழங்காலைத் தரையில் வைத்தால் அந்தப் பந்து அதோடு செத்துப்போகும். அடிபட்டு ஒதுங்கியவனுக்குக் கடைசி நாளில் இப்படி ஒரு மரியாதை செய்வது வழக்கம்தான். பார்க்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். டரியன் தனக்கு நிஜமான ஒரு பந்து கொடுங்கள் என்று கேட்டான். கோச் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“இது உங்கம்மா வந்து கேட்டது தம்பி.”



அன்று மாலை எர்னஸ்டீன் அடுப்பில் கோழி பொரித்துக்கொண்டிருந்தாள். நாளெல்லாம் மீன் வெட்டுகிறவள் வீட்டுக்குள் மீனைக் கொண்டுவரமாட்டாள். சாப்பாட்டு மேசைமேல் ஊதா நிறத்தில் ஒரு புதுத் தொப்பி உட்கார்ந்திருந்தது, கல்லூரியின் நிறம். சனிக்கிழமை மகனோடு களத்தின் நடுவரைக்கும் கைகோத்து நடக்கப் போகிறாள் அல்லவா, அதற்காக. தேவாலயத்திலிருந்து ஒரு பேருந்து நிறைய ஆட்கள் வருவதாகச் சொல்லி, போட்டுக் காட்டவா என்று கேட்டாள்.

“நீயா போய் கேட்டே அம்மா?”

“கேட்டேன். கெஞ்சல, கேட்டேன். அஞ்சு வருசம் உழைச்ச புள்ளையை வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பக் கூடாதுன்னு சொன்னேன்.”

“என்னைப் பொம்மையாட்டம் உக்கார வெக்கப் போறாங்க.”

“உக்காரு. உக்காந்தா என்ன குறைஞ்சுபோச்சு? மூணு தடவை உன்னை இடுப்புல தாங்கி கக்கூஸுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன். நாலாவது தடவைக்கு எனக்கு முதுகு கெடையாது.”

அவன் சொல்ல நினைத்ததையெல்லாம் சொன்னான். இரண்டு முறை முழங்கால் போனபோதும் எவனும் தன்னைத் தொடவில்லை, இடிபட்டு நான் உடையவில்லை, ஓடித் திரும்பித்தான் உடைந்தேன், இப்போது நான் ஓடுவதும் இல்லை, திரும்புவதும் இல்லை என்றான். அவள் கோழியைத் திருப்பிப் போட்டாள்.

“நின்னு எறியறவன் மேல ஆள் வந்து விழுவான்.”

“விழட்டும்.”

“ஊரே உனக்காக எழுந்து நிக்கப் போவுதுடா. அது பத்தாதா உனக்கு?”

“சவ ஊர்வலம் போனாலும்தான் ஊர் எழுந்து நிக்குது.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது, ஆனால் குரல் கலங்கவில்லை. “நீ மண்டி போடறே, எழுந்து வர்றே. அவ்வளவுதான்” என்றாள். அவள் அப்படிச் சொன்னால் அந்த வீட்டில் அதற்கப்புறம் ‘சரிம்மா’ என்ற பதில் ஒன்றுதான் வரும். அன்றைக்கு அது வரவில்லை. டரியன் கோழியைத் தின்றான், தட்டைக் கழுவி வைத்தான், சரி என்று மட்டும் சொல்லவில்லை. அவளும் கவனித்தாள்.

சனிக்கிழமை காலையிலிருந்தே மைதானத்தைச் சுற்றிலும் பன்றி விலாவும் தொத்திறைச்சியும் சுட்ட புகை மேகமாக நின்றது. கில்லியட் ஆட்கள் எங்கள் பேண்டைக் கிண்டலடிக்க, எங்கள் ஆட்கள் அவர்கள் பேண்டின் தொப்பியைக் கிண்டலடிக்க, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசி ஆண்டு ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெற்றோரோடு நடந்து வந்தார்கள். டரியனின் முறை வந்தபோது ஒலிபெருக்கியில், ஒரு காலத்தில் இந்த மாநிலத்தின் வேகமான கால்கள் என்று அறிவித்தார்கள். ஒரு காலத்திலாம். ஊதாத் தொப்பிக்குக் கீழே எர்னஸ்டீன் சிரித்துக்கொண்டே நடந்தாள், அவன் கையை மட்டும் நரம்பு புடைக்கப் பிடித்திருந்தாள். நடுக்களத்தில் அவன் கன்னத்தில் முத்தம் வைத்து, மண்டி போட்டுவிட்டு வந்துவிடு ராசா என்று காதில் சொன்னாள். அவன் அவளை இறுக்கி அணைத்துக்கொண்டான். அப்போதும் சரி சொல்லவில்லை.

அவன் முடிவு எடுத்துவிட்டிருந்தான், ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. தொடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கையைத் தொங்கப் போட்டு நிற்கிறவர்களின் தலைக்கு மேலே பந்தை எறிந்தால், அதற்குப் பேர் ஆட்டம் இல்லை, திருட்டு. அப்படி ஒரு பந்து நூறு கஜம் போனாலும் அவனுக்கு வேண்டாம். ஆகவே, மரியாதைக்காக அன்றைக்கு மட்டும் அணித் தலைவனாக அனுப்பப்பட்டிருந்த அவன், காசு சுண்டிப் போடுவதற்காக இரண்டு அணித் தலைவர்களும் நடுவில் சந்தித்தபோது, கைகுலுக்கிய கையை விடவில்லை. எதிரில் நின்றவன் பிரெண்டிஸ் கேஜ். அவனுக்கும் இது ஐந்தாவது வருடம், அகலம் மட்டும் இன்னும் கூடியிருந்தது.

மெதுவாக உட்கார், நாங்கள் எல்லோரும் கைதட்டுவோம் என்று கேஜ் மனசாரத்தான் சொன்னான்.

“நான் உக்காரல. எறியப் போறேன்.”

கேஜ் அவன் முகத்தையும் முழங்காலையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். “எங்க கோச் உன்னைத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு.”

“எங்க கோச் என்னை மண்டி போடச் சொல்லியிருக்காரு. நான் கேக்கப் போறதில்ல. உன் இஷ்டம் எப்படி?”

“கிரீஸு, அஞ்சு வருசமா எங்க ஊர்ல என்னைப் புல்லுப்புடுங்கின்னுதான் கூப்புடறாங்க. உன்னாலதான். என் தங்கச்சிகூட அப்படித்தான் கூப்புடறா.”

“அப்ப வா. வந்து புடிச்சுக்கோ.”

“வந்தா நெசமாத்தான் வருவேன். பாதியில நிறுத்த எனக்குத் தெரியாது.”

“பாதியில நிறுத்தினா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.”

கேஜ் கையை விட்டான். தன் ஆட்களிடம் போய் ஏதோ சொன்னான். அவர்களில் ஒருவன் கோச் இருக்கும் திசையைத் திரும்பிப் பார்த்தான், கேஜ் அவன் தலைக்கவசத்தில் ஒரு தட்டுத் தட்டினான்.

முதல் பந்துக்கு எங்கள் ஆட்கள் வட்டமாகக் குனிந்தார்கள். எல்லோர் முகமும் துக்க வீட்டு முகமாக இருந்தது. டரியன் குரலைத் தாழ்த்தி, மண்டி இல்லை என்று சொல்லி, எறிகிற ஆட்டம் ஒன்றின் பெயரைச் சொன்னான். நேராக ஓடிப்போய்ச் சட்டென்று நடுவில் வெட்டித் திரும்ப வேண்டியவன் மார்செல். எனக்கா என்று அவன் வாயைப் பிளந்தான். பந்தைக் கால் இடுக்கு வழியாகப் பின்னால் தள்ளிக்கொடுக்கும் சென்டர், எல்லோரும் பிஸ்கட் என்று கூப்பிடும் பெரிய உடம்புக்காரன், உச்சுக் கொட்டினான்.

“மச்சான், கோச் என் தோலை உரிச்சிருவாரு.”

“உரிச்சா உரிக்கட்டும். உங்கிட்ட நெறைய இருக்கு.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதோடு துக்கம் கலைந்தது. பிஸ்கட் பந்துக்கு மேல் போய்க் குனிந்தபோது அவன் பின்புறமே சந்தோஷமாக இருந்தது.

பேண்டு ஜெபப் பாட்டைத் தொடங்கியது. மைதானம் முழுக்க எழுந்து நின்றார்கள், ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எதிரே கில்லியட் ஆட்கள் கையைத் தொங்கப் போட்டு நிமிர்ந்து நின்றார்கள். கேஜ் முழங்காலை மடக்கித் தாழ்ந்தான். அவனைப் பார்த்து அடுத்தவன் தாழ்ந்தான், அப்புறம் வரிசை முழுக்கத் தாழ்ந்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்புக் கிளம்பியது. டரியன் பந்தைக் கேட்டான்.

பந்து உள்ளங்கையில் வந்து அடித்ததும் பின்னால் நகர்ந்தான். மண்டி போடவில்லை. ஓரத்தில் கோச்சின் குரல் கிழிந்தது, அவன் காதில் ஏறவில்லை. வலப்பக்கம் தடுப்பு விலகி ஒரு பெரிய வழி திறந்தது. பழைய கால் இருந்திருந்தால் இந்நேரம் அதில் பறந்திருப்பான். அந்த வழி வாவென்று கூப்பிடத்தான் செய்தது, தொடையில் ஒரு நரம்பு துடிக்கவும் செய்தது. போகவில்லை, நின்றான். இடப்பக்கம் பந்து பிடிக்க ஓடிய ஆள்மேல் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மார்செல் இன்னும் திரும்பவே இல்லை. அவன் திரும்பும்போது எங்கே இருப்பான் என்பது டரியனுக்குத் தெரியும். கேஜும் தெரிந்தான். பிஸ்கட்டின் தோளைச் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்து, ஐந்து வருடக் கோபத்தோடு வந்துகொண்டிருந்தான்.

பின்வாங்கி எறிந்தால் பந்தில் வலு இருக்காது. முன்னால் ஒரு அடி வைத்து எறிய வேண்டும், முன்னால் என்றால் கேஜுக்கு நேராக. டரியனுக்குப் பயமாகத்தான் இருந்தது. இடது காலை, அறுந்த அந்தக் காலைத்தான், ஊன்றினான். யாருமே இல்லாத ஒரு வெற்றிடத்தைப் பார்த்து எறிந்தான்.

அப்புறம் வானம் தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை. நெஞ்சிலிருந்த காற்றெல்லாம் ஒரே மூச்சாக வெளியே போய்விட்டது. முதுகில் தரை, மேலே கேஜ், விலாவில் யாரோ இரும்பைக் காய்ச்சி வைத்த மாதிரி ஒரு வலி. ஜெபப் பாட்டு நடுவில் அறுந்துபோயிருந்தது. எறிந்தவன் கீழே கிடக்கும்போது பந்துக்கு என்ன ஆயிற்று என்பதைக் கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சத்தமே இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று அவன் நினைத்தான். அப்போதுதான் மேளம் இடித்தது. பத்து கஜம் முன்னேறினால் எங்கள் பேண்டில் அடிக்கிற அடி ஒன்று இருக்கிறது, செத்த பிணத்தின் காலும் தாளம் போடும், அந்த அடி. அதற்குப் பின்னால் மொத்த மைதானமும் ஒரே தொண்டையாகக் கத்தியது. மார்செல் பிடித்துவிட்டான்.

“புடிச்சுட்டேன்டா உன்னை” என்றான் கேஜ், அவன் முகத்துக்கு மேலே மூச்சு வாங்கிக்கொண்டு.

டரியனுக்கு மூச்சு திரும்பி வந்தது. “லேட்டு, மாப்ள.”

கேஜ் உடம்பு குலுங்கச் சிரித்தான். அந்தக் குலுங்கல் விலாவில் இன்னும் வலித்தது. அவன் எழுந்து விலகியதும் டரியன் எழுந்திருக்கப் பார்த்தான், உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான். கூட்டம் அடங்கிப்போனது. ஓரத்திலிருந்து மருத்துவ உதவியாளர்கள் இரண்டு பேர் தூக்குப் படுக்கையோடு ஓடிவந்தார்கள். ஐந்து வருடத்தில் மூன்று முறை அவனைத் தூக்கிப் போனவர்கள்தான், வழி பழகியவர்கள். பார்வையாளர் வரிசையில் யாரோ ஐயோ பாவம் என்று சொல்வது தெளிவாகக் கேட்டது.

“தூக்காதீங்க அவனை.”

எர்னஸ்டீனின் குரல். அவள் இருக்கையிலிருந்து இறங்கி, கம்பித் தடுப்பு வரைக்கும் வந்துவிட்டிருந்தாள். தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டது. தொழிற்சாலை இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, மைதானம் முழுக்கக் கேட்டது.

“எங்க யார் பேச்சையும் கேக்காமத்தானே நின்னான். இப்பவும் அவனே எழுந்திருக்கட்டும். யாரும் கை வெக்காதீங்க.” அப்புறம் அவனைப் பார்த்து, அழுதுகொண்டே, அதட்டினாள். “எழுந்திருடா. இவ்வளவும் பண்ணிட்டு படுத்துக் கெடக்காதே.”

படுக்கையோடு ஓடிவந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

டரியன் முதலில் புரண்டான். கையை ஊன்றினான். விலா கத்தியது, அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். வலது காலை ஊன்றி, அப்புறம் இடது காலை ஊன்றி, உடம்பின் மொத்தப் பாரத்தையும் அந்த முழங்காலின் மேல் வைத்துப் பார்த்தான். தாங்கியது. நிமிர்ந்து நின்றான். அம்மா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவள் பார்வை அவனை விட்டு நகரவில்லை.

வெளியே வா என்று கோச் விட்லோ கையைச் சுழற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். டரியன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கோச் கீனனை உள்ளே தள்ளினார். கீனன் பாதிக் களம் வரைக்கும் ஓடிவந்து, டரியனைப் பார்த்து, கோச்சைப் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணே என்றான்.

“அப்புறம் வா தம்பி.”

கீனன் ஒரு நொடி யோசித்தான். வந்த வழியே திரும்பி ஓடினான். கோச் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். மறுபடியும் யாரையும் அனுப்பவில்லை.

மார்செல் பிடித்த இடத்தில் பந்தை வைத்தார்கள். வட்டத்தில் டரியன் அடுத்த ஆட்டத்தின் பெயரைச் சொல்லும்போது விலா வலியில் குரல் பாதிதான் வந்தது, அதுவே போதுமாக இருந்தது. பிஸ்கட் போய்க் குனிந்தான். எதிரே கேஜ் தாழ்ந்து நின்று டரியனின் கண்ணையே பார்த்தான். காலைப் பார்க்கவில்லை. திடீரென்று நிமிர்ந்து, இரண்டு கையையும் வீசிப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்துக் கத்தினான்.

“பின்னாடி போங்கடா, இன்னும் பின்னாடி. இவன் எறியறவன்.”

கில்லியட் ஆட்கள் அவசர அவசரமாகப் பின்வாங்கினார்கள். டரியன் கையை நீட்டிப் பந்தைக் கேட்டான்.